கல்லுக்கு ஒன்றும் ஆகாது, மோட்டாரைப் பாருங்கள்

கேள்வி: பொள்ளாச்சியில் அண்ணன் தென்னந்தோப்புக்குள் கோகோ போட்டிருக்கிறார். காய்ந்த கொட்டை 2 கிலோ கொடுத்தனுப்பினார். வாணலியில் வறுத்து, முறத்தில் தோலைப் புடைத்து, மிக்ஸியில் சர்க்கரையோடு அரைத்தேன். வாயில் போட்டால் மணல் மாதிரி நறநறக்கிறது. இட்லிக்கு அரைக்கும் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரில் போடலாமா? மோட்டார் புகைந்துவிடும் என்கிறார் வீட்டுக்காரர்.
- வாசகி, குடியாத்தம்

பதில்: போடலாம்மா. ஆனால் வீட்டுக்காரர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. சாக்லேட்டுக்கென்றே விற்கும் மெலஞ்சரும் கல்லோடு கல் உரசி அரைப்பதுதான், நம் கிரைண்டருக்குப் பங்காளி. ஆனால் அது இரவு பகலாக ஓடுவதற்குக் கட்டியது. நம்முடையது அரைமணி, முக்கால்மணி ஓடி ஓய்வெடுக்கும் ஜாதி.

போன வருடம் மருமகள் கேட்டாள் என்று, காட்பாடியில் என் ரிப்பேர் கடையில் கிடந்த பழைய கிரைண்டரில் ஓட்டிப் பார்த்தேன். டிரம்மைக் கழுவித் துணியால் துடைத்ததோடு சரி. உருளைக்கல்லின் ஓட்டைக்குள் ஈரம் நின்றிருக்கிறது. பத்து நிமிடத்தில் விழுது களிமண்ணாக இறுகி, டிரம் நின்றுவிட்டது. பெல்ட் மட்டும் வழுக்கி வழுக்கி, ரப்பர் கருகிய நாற்றம் பக்கத்து டீக்கடை வரைக்கும் போனது. முப்பது வருடமாகக் கிரைண்டர் பிரிக்கிறவனுக்கே இந்தக் கதி! அதனால் கழுவிய கல்லை ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிடுங்கள். வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் வேண்டாம், அவற்றிலும் ஈரம் உண்டு. வெள்ளைச் சர்க்கரையைப் பொடித்துப் போடுங்கள்.

அடுத்தது சூடு. கோகோவில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அது 34 டிகிரியை ஒட்டித்தான் உருகும். ஆறிப்போன கல்லில், தோல் நீக்கிய கோகோ பருப்பை ஆறியபடியே கொட்டினால் உருளை சிக்கிக்கொள்ளும். உச்சி வெயிலில் கல்லை மாடியில் வையுங்கள், நம்மூரில் இதற்கா பஞ்சம்? அடுப்பில் மட்டும் காட்டாதீர்கள். டிரம்மில் அடிக்கல்லைப் பிடித்திருப்பது பசை, இளகிவிடும். பருப்பை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, வெதுவெதுப்பாக, கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். அரை கிலோவுக்கு மேல் வேண்டாம். விழுது இளகி ஓடத் தொடங்கிய பிறகே சர்க்கரை.

அப்புறம் மோட்டார். கிரைண்டரை இரண்டு மரக்கட்டை மேல் தூக்கி வைத்து, அடியில் காற்றுப் போகும்படி டேபிள் ஃபேனைத் திருப்புங்கள். அரைமணி ஓட்டம், அரைமணி ஓய்வு. மோட்டார் பக்கத்து மூடியில் கை வைக்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். ஓய்வுக்குள் விழுது இறுகினால் தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடுகாட்டி, உருளையைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்ச். உருளைக்குள் அச்சைச் சுற்றி இருக்கும் நைலான் வளையம் (புஷ்) தேய்ந்திருந்தால் முதலிலேயே மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தூளும் சாக்லேட்டில்தான்.

எவ்வளவு நேரம்? 20, 25 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அரைபட்டால்தான் நாக்குக்கு மணல் தெரியாது. மெலஞ்சரிலேயே ஒரு நாளுக்கு மேல் ஆகும். நீங்கள் இரண்டு நாளில் விட்டுவிட்டுப் பத்து மணி நேரம் ஓட்டினால் நறநறப்பு நன்றாகக் குறையும். கடைச் சாக்லேட் வழவழப்பை எதிர்பார்க்காதீர்கள்.

கத்திரி வெயிலில் இந்த வேலை வேண்டாம், மார்கழியில் செய்யுங்கள். நாங்கள் மே மாதம் அச்சில் ஊற்றியதைக் கடைசியில் ஸ்பூனால்தான் சாப்பிட்டோம்.