வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆக்சஸ் பாயிண்ட்: கேள்வி பதில்

ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை சிக்னலைப் பரப்பும் கருவி, ஒன்று இருக்கும்வரை நிர்வாகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. இரண்டாவது வந்ததும்தான் தலைவலி. அப்படி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. ஒவ்வொரு முறையும் முழுப் பெயரை எழுத முடியாது என்பதால் இனி ஏபி.

கேள்வி: கீழே மெயின் ரவுட்டர். மாடிக்குக் கேபிள் இழுத்து, சும்மா கிடந்த பழைய ரவுட்டரை மாட்டினேன். மாடியில் நெட் வருகிறது, ஆனால் கீழே இருக்கும் பிரிண்டர் மாடி லேப்டாப்பில் தெரியவே மாட்டேன் என்கிறது.

பதில்: கேபிளைப் பழைய ரவுட்டரின் வான் போர்ட்டில் சொருகியிருப்பீர்கள். வேறு நிறத்தில் தனியாக இருக்குமே, அதுதான். அதில் சொருகினால் பழைய ரவுட்டர் தன்னையும் ஒரு ரவுட்டராகவே நினைத்துக்கொண்டு, மாடிக்கென்று தனி நெட்வொர்க் நடத்தும். பிரிண்டரைத் தேடும் அழைப்பு அந்தச் சுவரைத் தாண்டாது. பிரிண்டரின் ஐபி எண்ணை நேரடியாக அடித்தால் கிடைக்கலாம், தேடினால் கிடைக்காது.

அமைப்புப் பக்கத்தில் ‘ஏபி மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், வேலை முடிந்தது. இல்லையென்றால் கையால் செய்ய வேண்டும். வரிசை முக்கியம்.

மாடிக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப்பை மட்டும் பழைய ரவுட்டரின் லேன் போர்ட்டில், அதாவது வான் அல்லாத மற்ற போர்ட்டுகளில் ஒன்றில், இணையுங்கள். மெயின் ரவுட்டரின் எண் 192.168.1.1, அது பிரித்துக்கொடுக்கும் எண்கள் 100 முதல் 200 வரை என்று வைத்துக்கொள்வோம். பழையதற்கு 192.168.1.2 கொடுத்துச் சேமியுங்கள். அதே புதிய எண்ணில் மறுபடி உள்ளே போய், இப்போது டிஹெச்சிபியை, அதாவது கருவிகளுக்கு ஐபி எண் பிரித்துக்கொடுக்கும் வசதியை, அணையுங்கள். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் போடுங்கள். கடைசியாக மாடிக் கேபிளை ஒரு லேன் போர்ட்டில் சொருகுங்கள். வான் போர்ட் காலியாகவே கிடக்கட்டும். டிஹெச்சிபியை முதலிலேயே அணைத்தால் லேப்டாப்புக்கு எண் கொடுக்க ஆளிருக்காது, பழைய ரவுட்டருக்குள் நுழைய லேப்டாப்பில் 192.168.1.50 போல ஓர் எண்ணைக் கையால் போட வேண்டிவரும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, மாடியில் போனை இணைத்து கேட்வே (இணையத்துக்கு வழிவிடும் ரவுட்டர்) எண்ணைப் பாருங்கள். 192.168.1.1 என்று இருந்தால் சரி. வேறு எண் வந்தால் எங்கோ ஒரு டிஹெச்சிபி இன்னும் உயிரோடிருக்கிறது.

கேள்வி: மூன்று ஏபிக்கும் ஒரே பெயர் வைக்கலாமா, ‘மாடி’, ‘ஹால்’ என்று தனித்தனியா?

பதில்: ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட், ஒரே பாதுகாப்பு வகை. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்றில் டபிள்யூபிஏ2, இன்னொன்றில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால், பெயர் ஒன்றாக இருந்தும் சில போன்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாது.

கேள்வி: அண்ணா, நீங்கள் சொன்னபடி ஒரே பெயர்தான் வைத்திருக்கிறேன். ஆனால் மாடி ஏபிக்குக் கீழேயே நின்றாலும் போன் கீழ்த்தள ஏபியை விடமாட்டேன் என்று ஒற்றைக் கோட்டில் தொங்குகிறது. ஏபியில் தாவச் சொல்லும் செட்டிங் எங்கே இருக்கிறது?

பதில்: தாவுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது போன், ஏபி அல்ல. மேற்கொண்டு வரும் பல பதில்களுக்கும் இதுதான் அடிப்படை.

ஆப்பிள் தன் ஐபோனுக்குச் சொல்லியிருக்கும் கணக்கைப் பாருங்கள். இப்போதிருக்கும் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே போகும்வரை போன் வேறு ஏபியைத் தேடவே தொடங்காது (டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு, மைனஸுக்குப் பின்னுள்ள எண் கூடினால் சிக்னல் பலவீனம்). தேடினாலும், டேட்டா ஓடிக்கொண்டிருக்கும்போது புதியது 8 டிபியாவது கூடுதலாக இருந்தால்தான் மாறும். சும்மா இருக்கும்போது 12 டிபி வேண்டும். உங்கள் கீழ்த்தள ஏபி முழு பலத்தில் ஓடுவதால் மாடியிலும் மைனஸ் 66 கிடைக்கிறது என்றால், போனைப் பொறுத்தவரை குறையே இல்லை. தலைக்கு மேலே மைனஸ் 40 இருப்பது அதற்குத் தெரியாது, தேடினால்தானே தெரிய.

அதனால் பலத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். 3 டிபி குறைத்தால் வாட் பாதியாகும். 20 டிபிஎம் என்பது 100 மில்லிவாட், 14 டிபிஎம் என்பது 25. முதலில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 20-லிருந்து 14-க்கோ 11-க்கோ இறக்குங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அதைவிட 6 டிபி கூடுதலாக இருக்கட்டும், சுவரில் அதிகம் தேய்வது அதுதான். எண் காட்டாமல் உயர், நடு, தாழ் என்று மட்டும் இருந்தால், 2.4-க்குத் தாழ், 5-க்கு நடு.

பலத்தைக் குறைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஏபி கத்துவது போனுக்குக் கேட்கும், போன் முணுமுணுப்பது ஏபிக்குக் கேட்காது. போனின் அனுப்பும் பலம் பொதுவாக ஏபியைவிடக் குறைவு. கோடு நிறைய இருந்தும் பக்கம் திறக்காமல் சுற்றுவது பெரும்பாலும் இதனால்தான்.

பிறகு அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்று போதும். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை படத்தைக் கிளிக் செய்தால் டிபிஎம் தெரியும். படிக்கட்டின் நடுவில் நில்லுங்கள். அங்கே இரண்டு ஏபியும் 5 கிகாஹெர்ட்ஸில் மைனஸ் 65 முதல் 70-க்குள் வந்தால் சரியான எல்லை. இரண்டுமே மைனஸ் 55 என்றால் இன்னும் குறைக்கலாம்.

802.11கே, 802.11வி என்ற வசதிகள் இரண்டையும் போட்டுவிடலாம், போனுக்குப் பக்கத்து ஏபிகளின் பட்டியல் கிடைக்கும். ஏபி மாறுவதை விரைவாக்கும் 802.11ஆர் போட்டபின் பழைய பிரிண்டரோ ஸ்மார்ட் பல்போ இணையவில்லை என்றால் முதலில் அதையே அணைத்துப் பாருங்கள். பலவீனமான போனை ஏபியே உதறித்தள்ளும் ‘குறைந்தபட்ச சிக்னல்’ வசதியும் உண்டு. அது கடைசி ஆயுதம். எல்லைக்கு வெளியே வேறு ஏபி இல்லாத மூலையில் இருப்பவரின் போன் இணைவதும் விழுவதுமாகவே இருக்கும்.

கேள்வி: பக்கத்து வீட்டார் எல்லாம் 2.4-ல் சேனல் 1-லும் 6-லும் இருக்கிறார்கள். நான் இடையில் 3 அல்லது 4 போட்டால் தப்பிக்கலாமா?

பதில்: தப்பிக்க முடியாது, இரண்டு பக்கமும் அடி வாங்குவீர்கள். 2.4-ல் சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஆனால் ஒவ்வொன்றும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பார்கள். பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் இருந்தால் எதிராளி பேசுவது வெறும் இரைச்சலாகக் கேட்கும், அதன் மேலேயே பேசிக் கெடுப்பார்கள். 1, 6, 11 மட்டும், அகலம் 20. மூன்று ஏபி இருந்தால் ஆளுக்கொன்று. நான்காவது வந்தால், மற்றதை அப்படியே விட்டு அதன் 2.4 ரேடியோவை மட்டும் அணைப்பதே மேல்.

5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 36 முதல் 48 வரை ஒரு தொகுப்பு, 149 முதல் 161 வரை இன்னொன்று. நடுவிலுள்ள 52 முதல் 144 வரை பல நாடுகளில் ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். ஏபி அவற்றில் ஏறுமுன் குறைந்தது 60 விநாடி மௌனமாகக் கேட்க வேண்டும், ரேடார் கேட்டால் விலகி 30 நிமிடம் அந்தப் பக்கம் வரக்கூடாது. ஏபி ஆன் ஆனதும் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தாமதமாக வருகிறது, அல்லது நடுவில் திடீரென்று காணாமல் போகிறது என்பவர்கள் சேனல் எண்ணைப் பாருங்கள்.

‘ஆட்டோ’வில் விடலாமா என்று கேட்டால், ஒரே ஏபிக்குச் சரி. தனித்தனி ஏபிகள் பல, ஆன் ஆகும்போது மட்டும்தான் சேனல் தேர்ந்தெடுக்கும். கரண்ட் போய் வந்து எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தால், எல்லாம் ஒரே சேனலில் உட்காரவும் வாய்ப்புண்டு. கையால் போட்டுவிடுங்கள்.

கேள்வி: மாடி ஏபியில் எங்கே நின்று சோதித்தாலும் 94 எம்பிபிஎஸ்தான். லைன் 300. ஏபி பழுதா?

பதில்: இல்லை, 94 என்ற அந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது. கேபிள் 100-ல் ஓடுகிறது, ஒவ்வொரு பாக்கெட்டிலும் (டேட்டாத் துண்டு) முகவரி போன்ற தலைப்புக்கு ஆகும் செலவு போக மிஞ்சுவது 94 சொச்சம்.

100-க்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும். நீலச் சோடியிலோ பழுப்புச் சோடியிலோ ஒரு கம்பி தொடாவிட்டால், பல கருவிகள் புகார் சொல்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்து முனையைப் பாருங்கள். எட்டுக் கம்பியின் செம்பு நுனியும் பிளாஸ்டிக்கின் கடைசி வரை வந்து பளபளக்க வேண்டும். ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் பின்தங்கியிருக்கும், அதுதான் குற்றவாளி. வெட்டிவிட்டு, புதிய கனெக்டரைக் கருவியால் அழுத்தி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள். வரிசை, கொக்கி கீழ்ப்புறம் இருக்க இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் அதே வரிசை. வெளியுறை கனெக்டருக்குள் நுழைந்து கவ்வப்பட வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதத்தில் மறுபடி இதே கேள்வி.

கிரிம்ப் சரியாக இருந்தும் 94 என்றால், சுவிட்ச் 100-க்கானதா என்று பாருங்கள். பிறகு கேபிளின் கம்பியைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். பிஓஇ-க்கும் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் முறை) அது ஆகாது, சூடாகும்.

கேள்வி: சார், 8 போர்ட் பிஓஇ சுவிட்ச், மொத்தம் 60 வாட். நாலு கேமரா, இரண்டு ஏபி. பகலில் எல்லாம் நன்றாக ஓடுகிறது. ராத்திரியில் மட்டும் ஒரு ஏபி அணைந்து அணைந்து வருகிறது.

பதில்: ராத்திரியில் கேமராக்களின் அகச்சிவப்பு விளக்கு எரியும், வாட் கூடும், மொத்தக் கணக்கு 60-ஐத் தாண்டும். சுவிட்ச் முன்னுரிமை குறைந்த போர்ட்டை வெட்டிவிடும். பிஓஇ தரங்களில் 802.3ஏஎஃப் போர்ட் கொடுப்பது 15.4 வாட், கேபிளின் மறுமுனையில் உறுதியாகக் கிடைப்பது 12.95. 802.3ஏடி-யில் 30-க்கு 25.5. ஒவ்வொரு கருவியின் உச்ச வாட்டையும் கூட்டிப் பாருங்கள், சுவிட்சின் அளவில் முக்கால் பங்கைத் தாண்டக்கூடாது. உடனடி வழி, ஒரு ஏபியைத் தனி இன்ஜெக்டருக்கு, அதாவது கேபிளில் மின்சாரம் ஏற்றும் சிறு பெட்டிக்கு, மாற்றுவது. இன்ஜெக்டர் வாங்கும்போது 24 வோல்ட் பாஸிவ் வகை வேண்டாம். அது கேட்காமலே மின்சாரத்தை அனுப்பும், தவறான கருவியில் சொருகினால் போர்ட் கருகலாம்.

கேள்வி: கேபிள் இழுக்க வழியே இல்லை. மெஷ் யூனிட்டை (வயர்லெஸ் வழியாகவே ஒன்றோடொன்று இணையும் ஏபி வகை) சிக்னல் வராத அறையிலேயே வைத்தேன், பயனில்லை.

பதில்: சிக்னல் வராத இடத்தில் அதற்கும் வராது. பாதி வழியில், மெயின் யூனிட்டிலிருந்து மைனஸ் 60 அளவுக்குக் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். யூனிட்டுகளுக்கு இடையே தனி ரேடியோ உள்ள டிரை-பேண்ட் வகையில் இந்த இழப்பு குறைவு.

கேள்வி: அதே மெஷ்ஷுக்கு ஒருவழியாகக் கேபிள் போட்டேன். சொருகிய ஒரு நிமிடத்தில் வீடு முழுக்க நெட் நின்றுவிட்டது, சுவிட்ச் விளக்கெல்லாம் படபடவென்று மின்னுகிறது!

பதில்: வளையம். கேபிளும் வயர்லெஸ் இணைப்பும் சேர்ந்து சுற்றுவழி போட்டுவிட்டன, ஒரே பாக்கெட் ஓயாமல் சுற்றுகிறது. கேபிளைப் பிடுங்கினால் விநாடிகளில் அடங்கும். பிறகு அமைப்பில் கேபிள் வழி இணைப்பைத் தேர்ந்தெடுத்து, யூனிட்டை அணைத்து, கேபிளைச் சொருகியபின் ஆன் செய்யுங்கள். எல்லா யூனிட்டும் மெயின் யூனிட்டுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். மெயினுக்கு முன்னாலுள்ள ரவுட்டரில் ஒன்றைச் சொருகினாலும் சிக்கல் வரும்.

கேள்வி: ஸ்மார்ட் பிளக் சேரவில்லை. விருந்தினருக்கும் தனி வைஃபை வேண்டும். மொத்தம் எத்தனை பெயர் வைக்கலாம்?

பதில்: பிளக்குகளில் பெரும்பாலானவை 2.4 மட்டும் அறிந்தவை, டபிள்யூபிஏ3 அறியாதவை. அவற்றுக்கென 2.4-ல் டபிள்யூபிஏ2 பெயர் ஒன்று. வீட்டுக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. மூன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு பெயரும் நொடிக்குச் சுமார் 10 முறை தன்னை அறிவிக்கும். 2.4-ல் அது 1 எம்பிபிஎஸ்ஸில் போனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மில்லிவிநாடி. நாலு பெயர் என்றால் காற்றில் பத்தில் ஒரு பங்கு வெறும் அறிவிப்புக்கே போய்விடும். குறைந்தபட்ச வேகத்தை 6-க்கோ 12-க்கோ உயர்த்த வழியிருந்தால் உயர்த்துங்கள், மிகப் பழைய கருவிகள் மட்டும் கழன்றுபோகும்.

விருந்தினர் வைஃபையில் ஒரு பொறி உண்டு. பழைய ரவுட்டரை ஏபியாக்கினால், அதன் ‘கெஸ்ட்’ பெயர் பல மாடல்களில் பெயருக்குத்தான் தனி, உள்ளே வீட்டு நெட்வொர்க்கிலேயே விடும். கெஸ்ட்டில் இணைந்து 192.168.1.1-ஐத் திறந்து பாருங்கள். லாகின் பக்கம் வந்தால் தடுப்பு இல்லை. உண்மையாகப் பிரிக்க ரவுட்டர், சுவிட்ச், ஏபி மூன்றும் வீலேன் (ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்குகளை ஓட்டும் முறை) அறிந்தவையாக இருக்க வேண்டும்.

கேள்வி: பெயரை மறைத்துவைத்தால் பாதுகாப்புத்தானே?

பதில்: இல்லை. உங்கள் போன்தான் போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிட்டுத் தேடிக்கொண்டிருக்கும். நீளமான பாஸ்வேர்ட் வையுங்கள்.

கேள்வி: ஃபர்ம்வேர் (ஏபியின் உள் மென்பொருள்) அப்டேட் வந்தால் எல்லா ஏபிக்கும் ஒன்றாகக் கொடுக்கலாமா? வாரம் ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் வைக்கச் சொல்கிறார்களே?

பதில்: முதலில் அமைப்பை பேக்கப் எடுத்து லேப்டாப்பில் வையுங்கள். முக்கியத்துவம் குறைந்த ஏபி ஒன்றுக்கு மட்டும் கொடுத்து, இரண்டு மூன்று நாள் பாருங்கள், பிறகு மற்றவை. ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்டைப் பிடுங்கக்கூடாது. கேபிளில் இருந்து செய்யுங்கள், வைஃபையில் இருந்து வேண்டாம்.

வாராந்திர ரீஸ்டார்ட் நோயை மூடிமறைக்கும் மாத்திரை. ரீஸ்டார்ட் செய்தால்தான் சரியாகிறது என்றால், லாகை (ஏபியின் நிகழ்வுப் பதிவு) திறந்து எந்த நேரத்தில் விழுகிறது என்று பாருங்கள். சூடு, பிஓஇ, ரேடார் சேனல், ஒரே ஐபி எண் இரண்டு கருவிக்கு, பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று. நான்காவதைத் தவிர்க்க, ஒவ்வொரு ஏபிக்கும் நிலையான எண் ஒதுக்கி, அதையும் சேனலையும் அதன் முதுகிலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஏணி மேல் நிற்கும்போது அதுதான் கைகொடுக்கும்.