நான் தமிழ் மீடியம். மகளுக்கு ஃபோனிக்ஸ் சொல்லித் தரலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது, யூ.கே.ஜி. படிக்கிறாள். பள்ளியில் ஃபோனிக்ஸ் முறையில், அதாவது எழுத்தின் பெயரை விட்டு அதன் ஒலியைச் சொல்லி வாசிக்கும் முறையில், சொல்லித் தருகிறார்கள். என் மாமியார் 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று ஆரம்பித்தால், "அப்படிச் சொல்லக் கூடாது பாட்டி, மிஸ் திட்டுவாங்க" என்கிறாள். ஸ்கூல் என்று எழுதச் சொன்னால் எஸ்-கே-யூ-எல் என்று எழுதுகிறாள். பஸ் என்ற சொல்லுக்குக் கடைசியில் இன்னொரு யூ சேர்க்கிறாள். எங்கள் ஃபிளாட்ஸில் ஒருவர் ஃபோனிக்ஸ் கிளாஸ் எடுக்கிறார். மூன்று மாதத்துக்கு ஆறாயிரம் ரூபாய். நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். என் உச்சரிப்பைக் கேட்டு அவள் கெட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. கிளாஸில் சேர்த்துவிடலாமா?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: கிளாஸ் இப்போதைக்கு வேண்டாம். ஆறாயிரத்தை அப்படியே வையுங்கள், ஒன்றாம் வகுப்பு ஃபீஸ் கட்டும்போது உதவும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஃபோனிக்ஸ் என்று பெரிதாகச் சொல்கிறார்களே தவிர, அடிப்படையில் அது நாம் படித்த உயிர், மெய், உயிர்மெய் சங்கதிதான். க் என்ற மெய்யும் ஆ என்ற உயிரும் சேர்ந்தால் கா என்று உங்களுக்கு எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஒலிகளைத் தனித்தனியாகச் சொல்லி, பிறகு சேர்த்து வாசிப்பதைத்தான் உங்கள் மகளின் மிஸ் 'பிளெண்டிங்' என்கிறார். ஸ்பெல்லிங்கை மொத்தமாக மனப்பாடம் செய்து ஆங்கிலம் படித்தவர்களுக்குத்தான் இது புதிது. தமிழ் மீடியத்தில் படித்த உங்களுக்கு இல்லை.

முதலில் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். எழுத்துகளை நாம் க, ச, ட என்று அகரத்தோடு சொல்லிப் பழகியிருக்கிறோம். பேச்சில் ஆங்கிலச் சொற்களின் கடைசியில் ஓர் உகரமும் ஒட்டிக்கொள்கிறது: பஸ்ஸு வந்துடுச்சு, கப்பு கழுவியாச்சு. இந்தப் பழக்கத்தில் பூனையைக் குறிக்கும் 'கேட்' என்ற சொல்லை கு-ஏ-டு என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்தால், குழந்தை எத்தனை தடவை சேர்த்துப் பார்த்தாலும் குஏடுதான் வரும், பூனை வராது. உங்கள் மகள் பஸ்ஸின் வாலில் ஒட்டும் யூ-வும் இந்த வழியில் வந்ததுதான். வீட்டில் காதில் விழுந்ததை நேர்மையாக எழுதியிருக்கிறாள். எனவே ஒலிகளைப் புள்ளி வைத்த எழுத்தாகவே சொல்லுங்கள்: க், ட், ப், ஸ். நறுக்கென்று முடிய வேண்டும். இது வந்துவிட்டால் பாதி வேலை தீர்ந்தது.

சேர்த்து வாசிக்கத் திணறினால், இழுத்துச் சொல்லக்கூடிய ஒலிகளில் ஆரம்பியுங்கள். ஸ், ம், ந், ஃப், ல் ஆகியவற்றை மூச்சு இருக்கும் வரை இழுக்கலாம். ப், ட், க் அப்படி நிற்காது. ஸ்ஸ்ஸ்-அ-ன்ன்ன் என்று இழுத்தால் 'சன்' தானாக வந்து விழும். பல பள்ளிகள் எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்ற ஆறில் தொடங்குவதற்குக் காரணம், இந்தக் கொஞ்சத்தை வைத்தே பின், டின், டிப், சிட், ஸ்பின் என்று நிறையச் சொற்கள் செய்துவிடலாம் என்பதுதான். உங்கள் பள்ளியில் எந்த வரிசை என்று மிஸ்ஸிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். வீட்டில் ஒரு வரிசை, பள்ளியில் ஒரு வரிசை என்று போனால் குழம்புவாள்.

நோட்டைத் திறப்பதற்கு முன் காதைப் பழக்குங்கள். அதைத் தமிழிலேயே செய்யலாம், செய்ய வேண்டும் என்பேன். அடுப்படியில் நின்றபடி "ப்... ஆ... ல்... அது என்ன சொல்லு?" என்று கேளுங்கள். "பால்!" என்பாள். அப்புறம் அவள் பிரிக்கட்டும், நீங்கள் சேருங்கள். ஒலியைப் பிரித்துக் கேட்கும் திறமை ஒரு மொழியில் வந்தால் இன்னொரு மொழிக்கும் கை கொடுக்கும். பத்து நிமிஷம் போதும். அவளுக்கு அலுப்பதற்கு முன்னால் நீங்கள் நிறுத்திவிட வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைகள் தடுக்கி விழும் இன்னோர் இடம் உண்டு. பஸ்ஸில் வரும் பி, பென்சிலில் வரும் பி. இரண்டையும் நான் இங்கே ஒரே மாதிரிதான் எழுத வேண்டியிருக்கிறது பாருங்கள், சிக்கலே அதுதான். ஆனால் ஒலி நம்மிடம் இல்லாமல் இல்லை. 'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள்: முதல் எழுத்தில் பென்சிலின் பி, கடைசி எழுத்தில் பஸ்ஸின் பி. தொண்டையில் கை வைத்து இரண்டையும் புள்ளி ஒலியாகச் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றுக்குத் தொண்டை அதிரும், மற்றதற்கு அதிராது. குழந்தைகளுக்கு இது விளையாட்டு மாதிரி, விடவே மாட்டார்கள். 'கேட்' சொல்லின் நடு ஒலி நம் ஏ-யும் இல்லை, ஆ-வும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, தாடையை நன்றாகக் கீழே இறக்கிச் சொல்வது. பென் (பேனா) என்றும் பேன் (வாணலி) என்றும் மாறி மாறிச் சொல்லிக் காட்டினால் பிடித்துக்கொள்வாள்.

பாட்டியைத் தடுக்காதீர்கள். எழுத்துக்கு ஒலியும் வேண்டும், பெயரும் வேண்டும். பெயர் தெரியாமல் ஸ்பெல்லிங்கை வாய்விட்டுச் சொல்ல முடியாது. பாட்டி பெயரைச் சொல்லட்டும், பேத்தி ஒலியைச் சொல்லட்டும். சுவரில் மாட்டியிருக்கும் சார்ட்டை மட்டும் ஒரு தடவை பாருங்கள். ஐ-க்கு ஐஸ்கிரீம் போட்டிருந்தால் அங்கே 'இங்க்' படம் ஒட்டுங்கள், ஏனென்றால் முதலில் பழக வேண்டிய ஒலி இ. ஜி-க்கு ஜிராஃப் வேண்டாம், கோட் என்னும் ஆடு இருக்கட்டும். எக்ஸுக்கு வரும் சைலஃபோனை நம் ஊரில் எத்தனை குழந்தை பார்த்திருக்கும்? எக்ஸின் ஒலி கடைசியில் வரும் 'பாக்ஸ்' நல்லது. பெரிய எழுத்தை விடச் சின்ன எழுத்துகளுக்கு முதலிடம் கொடுங்கள். புத்தகத்தில் அவைதான் நிறைய வரும்.

சரி, எஸ்-கே-யூ-எல்? அந்தச் சொல்லில் நான்கு ஒலி இருக்கிறது, நான்குக்கும் எழுத்து போட்டிருக்கிறாள். ஐந்து வயதில் இதற்குச் சிவப்பு மையில் சுழிக்கக் கூடாது. "எல்லா சத்தமும் கரெக்டா கேட்டிருக்கே, புத்தகத்தில் இப்படிப் போடுவாங்க" என்று பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். அந்த சி-ஹெச் கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஐந்து வயதுக் குழந்தை அதை எப்படி ஊகிக்கும்? ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலி சுமார் 44. இடிக்கத்தான் செய்யும். தி, வாஸ், செட் (எஸ்-ஏ-ஐ-டி), ஒன் மாதிரியான சொற்கள் ஒலிக்குக் கட்டுப்படாதவை. அவற்றை மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்றாகக் கண்ணுக்குப் பழக்குங்கள்.

சில விதிகள் தெருவிலேயே கிடைக்கும். கிண்டி ஸ்டேஷன் போர்டில் ஜி-க்கும் ஐ-க்கும் நடுவே ஒரு யூ இருக்கிறது. எதற்கு என்று கேட்பாள். ஜி-க்கு அடுத்து நேராக ஐ வந்தால் பல சொற்களில் அது ஜ ஒலியாகிவிடும். அப்படி ஆகாமல் யூ நடுவில் நிற்கிறது. கிட்டார், கைடு என்ற சொற்களிலும் அதற்கு அதே வேலைதான்.

நிஜமாகவே வாசிக்கிறாளா, படத்தைப் பார்த்து ஒப்பிக்கிறாளா என்ற சந்தேகம் வரும். இங்கிலாந்தில் 2012 முதல் பள்ளியின் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 40 சொற்கள் கொடுத்துச் சோதிக்கிறார்கள். அதில் பாதி அர்த்தமே இல்லாத சொற்கள். மனப்பாடம் அங்கே செல்லாது. நீங்களும் பிம், நெப், ஸோக் என்று எதையாவது எழுதி, அதெல்லாம் பூதங்களின் பெயர் என்று சொல்லிப் படிக்கச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே படிப்பாள்.

புத்தகத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கதைகள் படிநிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதையை இரண்டு மொழியிலும் படித்துக் காட்டலாம். தமிழ்ப் பங்கை மாமியார் எடுத்துக்கொள்வார்.

எழுத்தைத் திருப்பிப் போடுவது ஏழு வயது வரை சகஜம். ஆனால் ஒன்றாம் வகுப்பு பாதி தாண்டியும் மூன்று ஒலியைச் சேர்க்க முடியவில்லை, தமிழிலும் அதே திணறல் என்றால் தள்ளிப்போடாதீர்கள். முதலில் காதையும் கண்ணையும் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறமும் தேவைப்பட்டால், வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு உதவும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் சென்னையிலேயே இருக்கிறது, அங்கே கேளுங்கள். ஃபிளாட்ஸ் கிளாஸுக்கு அந்த நிலையிலும் வேலை இல்லை.