கடவுச்சொல்லும் காப்புரிமையும்

வணக்கம் சார்,

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். லாகின் பாதுகாப்புதான் எங்கள் குழுவின் வேலை. கடவுச்சொல்லை சர்வருக்கு அனுப்பாமலேயே பயனரைச் சரிபார்க்கும் ஒரு முறையை நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து போன வருடம் உருவாக்கினோம். அதற்குக் காப்புரிமை (பேட்டன்ட்) எடுக்கலாம் என்கிறது நிறுவனம். என் பெயரும் அதில் வரும், ஊக்கத்தொகையும் உண்டு. எங்களில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஒன்றுக்குக் காப்புரிமை எடுப்பது எல்லோருக்கும் செய்கிற கெடுதல் என்பது அவர் கட்சி.

எனக்கு அது புரியவில்லை. காப்புரிமை இல்லையென்றால் நிறுவனங்கள் எதற்காக ஆராய்ச்சிக்குப் பணம் போடும்? கண்டுபிடித்ததை வெளியே சொல்லாமல் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதா? அது இன்னும் ஆபத்து இல்லையா? நான் கையெழுத்துப் போடலாமா?

எஸ்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள எஸ்.,

நான் உங்கள் நண்பர் பக்கம். ஆனால் உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் கையெழுத்து விஷயத்துக்குப் போக எனக்கு மனமில்லை.

காப்புரிமை ஒரு பேரம். கண்டுபிடித்தவர் தன் ரகசியத்தை ஊரறியச் சொல்லிவிடுகிறார். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் அவருக்குத் தனியுரிமை. ஒரு வேதிமுறையோ இயந்திரமோ என்றால் இதில் சமூகத்துக்கும் லாபம் உண்டு. பேரம் இல்லாவிட்டால் அந்த ரகசியம் தொழிற்சாலைச் சுவரைத் தாண்டாமலே போயிருக்கலாம். பாதுகாப்புத் துறைக்கு வந்தால் இந்தக் கணக்கு இடிக்கிறது. இங்கே, ரகசியமாக வைத்த முறையை விவரம் தெரிந்த யாரும் நம்புவதில்லை. செய்தியை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்க முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் பாதகம் வரக்கூடாது, சாவி மட்டும்தான் ரகசியமாக இருக்க வேண்டும் என்று 1883இலேயே அகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற குறியாக்க அறிஞர் எழுதிவிட்டார். அதைக் கேட்காதவர்கள் பட்டார்கள். ஜி.எஸ்.எம். கைப்பேசிப் பேச்சைக் குறியாக்கம் செய்த ஏ5/1 முறையை மூடி வைத்திருந்தார்கள். 1999இல் அது முழுசாக வெளியே வந்தது. அதையொட்டியே, சாதாரணக் கணினியை வைத்து அதை உடைக்கும் வழியையும் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

ஆக, 'வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளும்' என்ற உங்கள் பயத்துக்கு இந்தத் துறையில் அதிக இடமில்லை. நம்பிக்கை வேண்டுமென்றால் முறையைத் திறந்து காட்டித்தான் ஆக வேண்டும். எப்படியும் கிடைக்கப் போகிற ஒன்றுக்கு நாம் 20 வருடத் தனியுரிமையை விலையாகக் கொடுக்கிறோம்.

அந்த வெளிப்படுத்தலாவது உரியவர்களுக்குப் போய்ச் சேருகிறதா? அமெரிக்கச் சட்டத்தில், தெரிந்தே காப்புரிமையை மீறினால் இழப்பீடு மூன்று மடங்கு வரை போகலாம். அதனால் மற்றவர்களின் காப்புரிமைகளைப் படிக்க வேண்டாம் என்று பொறியாளர்களிடம் சொல்லிவைக்கும் வக்கீல்கள் நிறைய. உங்கள் காதிலும் விழுந்திருக்கும். படித்துத் தெரிந்துகொள்வதற்காகப் பதிப்பிக்கப்பட்ட ஒன்றைப் படிக்காதே என்று சொல்லும் நிலைமை இது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான்.

உங்கள் கண்டுபிடிப்பைத் தொட்டே பேசுகிறேன். மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக. நாம் ஒரு தளத்தில் கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் புள்ளிகள் தெரிகின்றன. பிரவுசர் அதைக் குறியாக்கம் செய்த பாதையில் அனுப்புகிறது. நடுவில் ஒட்டுக்கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது, சரி. ஆனால் மறுமுனையில் அந்தப் பாதை திறக்கிறது. அந்தக் கணத்தில் சர்வரின் நினைவகத்தில் உங்கள் கடவுச்சொல் எழுத்துக்கு எழுத்து அப்படியே கிடக்கிறது. அதற்கப்புறம்தான் சர்வர் அதை ஹாஷ் செய்து, அதாவது திரும்ப மீட்க முடியாத ஒரு குறியீடாக மாற்றி, சேமித்து வைத்திருக்கும் ஹாஷோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இடைப்பட்ட அந்தச் சின்ன நேரத்தில், பிழை தேடுவதற்காக யாரோ எழுதி வைத்த ஒரு வரி அதை லாக் கோப்பில் (சர்வரின் நடவடிக்கைக் குறிப்பேட்டில்) பதிந்துவிட்டால் போச்சு. 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களிடமும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது இப்படி ஒரு பிழையால்தான். ஹாஷ் ஆவதற்கு முன்பே உள் லாகில் அவை பதிவாகியிருந்தன. அடுத்த வருடம், கோடிக்கணக்கான கடவுச்சொற்கள் உள்ளே படிக்கும் நிலையில் கிடந்ததை ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது.

கடவுச்சொல் தெரியும் என்பதை, அதை அனுப்பாமலேயே நிரூபிக்க முடிந்தால் இந்தத் தொல்லை எழாது. அதற்கான வழி 1992இலேயே வந்துவிட்டது. பெல் ஆய்வகத்தின் ஸ்டீவன் பெல்லோவினும் மைக்கேல் மெரிட்டும் இ.கே.இ. என்ற முறையை வெளியிட்டார்கள். அழகான யோசனை. கடவுச்சொல் பலவீனமாக இருந்தாலும், நடுவில் கேட்பவர் பரிமாற்றத்தைப் பதிவு செய்து எடுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்க்க முடியாது. (சர்வரில் மூலக் கடவுச்சொல்லை வைக்கத் தேவையில்லாத வடிவம் சீக்கிரமே வந்தது.) ஆனால் அடுத்த வருடமே அதற்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது. அது காலாவதியானது 2011இல். அதே வழியில் வந்த ஸ்பீக் என்ற இன்னொரு முறைக்கும் காப்புரிமை; அது 2017 வரை. இவற்றின் மேல் கால் படாமல் போவதற்காகவே ஸ்டான்ஃபோர்டில் டாம் வூ எஸ்.ஆர்.பி. என்ற முறையை 1998இல் வெளியிட்டார். கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்றார்கள். அதன் கணிதம் கொஞ்சம் கோணலாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நேர்வழியில் வேலி போட்டிருந்ததால் சுற்றிப் போன பாதை அது.

வலை வளர்ந்து, உலகம் முழுக்க லாகின் பழக்கம் உருவான காலம் சரியாக அந்த இருபது வருடம்தான். காப்புரிமை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பிரவுசரில் இதை எந்த இடத்தில் காட்டுவது, பயனர் எப்படி அடையாளம் காண்பார் என்ற சிக்கல்களும் இருந்தன. ஆனால் எதைத் தொட்டால் யார் வழக்குப் போடுவார்கள் என்று தெரியாத இடத்தில் யாரும் வீடு கட்ட மாட்டார்கள். பழக்கம் ஒரு தடவை படிந்துவிட்டால் காப்புரிமை முடிந்தபிறகும் மாறுவதில்லை. இன்றைக்கும் பெரும்பாலான தளங்களுக்கு நாம் கடவுச்சொல்லை அப்படியே தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம், பணம் யார் போடுவார்கள் என்ற கேள்வி. 1997இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், புதிய குறியாக்கத் தரத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் முறைகளைக் கேட்டது. தேர்வானால் உலகில் யாரும் ராயல்டி இல்லாமல் பயன்படுத்தலாம் என்று ஒப்புக்கொண்டால்தான் போட்டியிலேயே இடம். 15 முறைகள் வந்தன. அனுப்பியவர்களில் ஐ.பி.எம்., ஆர்.எஸ்.ஏ. ஆய்வகம், ஜப்பானின் என்.டி.டி., டாய்ச்ச டெலிகாம் எல்லாம் உண்டு. ஒருவர் முறையை மற்றவர் உடைத்துப் பார்த்தார்கள். 2000 அக்டோபரில் ஜெயித்தவர்கள் பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள். அவர்கள் முறைதான் ஏ.இ.எஸ். என்ற தரமானது. அது இன்று உங்கள் கைப்பேசியிலும் வைஃபையிலும் செயலியின் சில்லுக்குள்ளேயும் இருக்கிறது. ஒரு காசு ராயல்டி கிடையாது என்று தெரிந்தே இத்தனை நிறுவனங்கள் வந்தன. தங்கள் பொருள்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற தேவையே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மேன் மூவரும் 1977இல் கண்டுபிடித்த ஆர்.எஸ்.ஏ. என்ற குறியாக்க முறைக்கு 1983இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் பெயரில் காப்புரிமை கிடைத்தது. அதை வைத்துத்தான் ஒரு நிறுவனம் வளர்ந்தது. குறியாக்கம் என்பது ராணுவத்துக்கு மட்டுமல்ல, வணிகத்துக்கும் வேண்டும் என்று வீடு வீடாகப் போய் விற்றதும் அந்த நிறுவனம்தான். அந்த மூவருக்கும் கிடைத்த பணத்தில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் அதே காப்புரிமையால்தான், 1991இல் ஃபில் சிம்மர்மேன் சாதாரண மனிதர்களின் மின்னஞ்சலைக் காப்பாற்ற பி.ஜி.பி. என்ற குறியாக்க மென்பொருளை வெளியிட்டபோது உரிமத் தகராறில் சிக்கினார்.

இப்போது கையெழுத்துக்கு வருகிறேன். முதலில் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வேலையில் செய்த கண்டுபிடிப்பு நிறுவனத்துக்குச் சொந்தம், விண்ணப்பத்துக்கு நீங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும். அப்படி இருந்தால் மறுத்துவிட்டு வெளியேறுவதைவிட நிபந்தனை கேட்பதுதான் பலன் தரும். 'யார் மேலும் வழக்குப் போட மாட்டோம், தற்காப்புக்குத்தான்' என்று உங்கள் மேலாளர் சொல்வார். மனதாரவே சொல்வார். ஆனால் அது அவர் வாய்வார்த்தை, காப்புரிமை கைமாறும். நார்டெல் என்ற கனடா தொலைத்தொடர்பு நிறுவனம் 2009இல் நொடித்துப்போனது. 2011இல் அதன் ஏறக்குறைய 6,000 காப்புரிமைகள் ஏலத்துக்கு வந்து, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட கூட்டணிக்கு 450 கோடி டாலருக்குப் போயின. அவற்றை எழுதிய பொறியாளர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால் எழுத்தில் கேளுங்கள். 2012இல் ட்விட்டர் ஒரு நல்ல ஒப்பந்த வடிவத்தை வெளியிட்டது: கண்டுபிடித்தவரின் சம்மதம் இல்லாமல் அந்தக் காப்புரிமையை வைத்து மற்றவர்கள் மேல் தானாக வழக்குப் போட முடியாது, தற்காப்புக்கு மட்டுமே பயன்படுத்தலாம், விற்றாலும் வாங்குபவரை இந்த நிபந்தனை கட்டும். உங்கள் சட்டப் பிரிவிடம் அதைக் காட்டுங்கள். உங்கள் முறையை எல்லோரும் பின்பற்றும் பொதுத் தரமாக்கும் யோசனை நிறுவனத்துக்கு இருந்தால், ராயல்டி இல்லாத, திரும்பப் பெற முடியாத உரிமத்தை இப்போதே எழுதித் தரச் சொல்லுங்கள். அது இல்லாமல் எந்தத் தரக்குழுவும் உங்கள் முறையைச் சுலபத்தில் தொடாது என்பது நிறுவனத்துக்கும் புரியும் வாதம். இரண்டுக்கும் ஒப்புக்கொண்டால் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் நண்பரிடமும் அந்த வடிவத்தைக் காட்டிப் பேசிப் பாருங்கள். நிறுவனம் இரண்டையும் மறுத்தால், உங்கள் நண்பர் ஏன் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்பதை நீங்களே மேலே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் சொன்னால் பிடிவாதம் என்பார்கள், இரண்டு பேர் சொன்னால் உட்கார்ந்து கேட்பார்கள்.

முறையின் விவரத்தைக் கடிதத்தில் எழுதாமல் விட்டீர்கள், நல்லது. நிறுவனம் முடிவு செய்யும்வரை வேறு எங்கேயும் எழுத வேண்டாம். விண்ணப்பிக்கும் முன் வெளியே வந்துவிட்டால் பல நாடுகளில் காப்புரிமையே கிடைக்காது, பழி உங்கள் மேல் விழும். ஆர்.எஸ்.ஏ.வுக்கு அப்படித்தான் ஆனது. விண்ணப்பிக்கும் முன்பே முறை அச்சில் வந்துவிட்டதால் அமெரிக்காவுக்கு வெளியே அதற்குக் காப்புரிமை இல்லை. 2000 செப்டம்பரில் அது முடியும்வரை மற்ற நாடுகளின் நிரலாளர்கள் யாரையும் கேட்காமல் அதை எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்று பாதி வலையைத் தாங்கி நிற்கும் ஓப்பன்எஸ்.எஸ்.எல். என்ற இலவசக் குறியாக்க மென்பொருளின் முன்னோடியை எரிக் யங் எழுதியது ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்துதான்.

அன்புடன்.