உலக சாம்பியனின் பெயரைப் போட்டால் கூட்டம் வருமா?

கேள்வி: எங்கள் சங்கத்தின் நிதிக்காக ஒரு மாலை நேரத்தில் பூல் (மேசையில் பந்துகளைக் கோலால் அடித்துப் பாக்கெட்டில் போடும் ஆட்டம்) கண்காட்சி ஆட்டம் நடத்தத் திட்டமிட்டிருக்கிறோம். உலக அளவில் பட்டம் வென்ற தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் வர இசைந்திருக்கிறார். அவர் பெயரைப் பெரிதாகப் போட்டாலே நுழைவுச்சீட்டுகள் விற்றுவிடும் என்று செயற்குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். பொருளாளரோ, “நமக்கே அவரைத் தெரியாது, மற்றவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?” என்கிறார். இத்தகைய ஆட்டக்காரர்களைப் பொதுமக்கள் எந்த அளவுக்கு அறிந்திருக்கிறார்கள்? பெயரை நம்பிச் செலவில் இறங்கலாமா?

பதில்: உங்கள் பொருளாளரின் கணிப்புதான் உண்மைக்கு நெருக்கமானது. தொழில்முறை பூல் ஆட்டக்காரர்களை, அந்த ஆட்டத்தை ஆடுபவர்களும் தொடர்ந்து பார்ப்பவர்களும் நன்றாக அறிவார்கள். அந்த வட்டத்தை விட்டு ஓரடி வெளியே வந்தால் உலகப் பட்டம் வென்றவரைக்கூட யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இத்தகைய கண்காட்சி ஆட்டங்களைப் பல ஆண்டுகளாக ஏற்பாடு செய்து வருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஒருமுறை, அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டிய ஓர் ஆட்டக்காரருடன் அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தேன். வாடகைக் கார் ஓட்டுநர், அவர் தோளில் தொங்கிய, கியூ எனப்படும் ஆடுகோலின் நீண்ட உறையைப் பார்த்துவிட்டு, அது என்ன வாத்தியம் என்று கேட்டார். ஆட்டக்காரர் சற்றும் தயங்காமல் “புல்லாங்குழல்” என்றார், ஓட்டுநரும் நம்பிவிட்டார்.

நீங்களே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். இந்த ஆட்டத்தோடு தொடர்பில்லாத பத்துப் பேரிடம் “இன்னாரைத் தெரியுமா?” என்று கேட்காதீர்கள், தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுப் பலரும் “கேள்விப்பட்ட பெயர்தான்” என்பார்கள். “பூல் ஆட்டக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள்” என்று மட்டும் கேளுங்கள். கைப்பேசியில் தினமும் எயிட் பால் என்ற பூல் வகையை ஆடுபவர்கூட விழிப்பார். யாராவது ஒரு பெயரைச் சொன்னாலும் அது பெரும்பாலும் ரோனி ஓ’சல்லிவனாக இருக்கும். அவர் ஆடுவதோ பூலைப் போன்ற, ஆனால் வேறான ஸ்னூக்கர்.

அமெரிக்காவில் சற்று வயதானவர்களிடம் கேட்டால் ‘மின்னசோட்டா ஃபேட்ஸ்’ என்ற பெயர் வரும். வேடிக்கை அங்கேதான் இருக்கிறது. ருடால்ஃப் வாண்டரோன் என்ற இயற்பெயர் கொண்ட அவர், பெரிய போட்டிப் பட்டம் எதையும் வென்றவரல்லர். 1961இல் ‘தி ஹஸ்ட்லர்’ திரைப்படம் வெளிவந்த பிறகு, அதில் வரும் மின்னசோட்டா ஃபேட்ஸ் என்ற பாத்திரம் தம்மைப் பார்த்தே படைக்கப்பட்டது என்று சொல்லி அந்தப் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். மூலக் கதையை எழுதிய வால்டர் டெவிஸ் அதை மறுத்தார், மறுப்பு எடுபடவில்லை. அதே படத்துக்கு ஆட்ட நுணுக்க ஆலோசகராக இருந்தவர் வில்லி மொஸ்கோனி. 1941 முதல் 1957 வரையிலான காலத்தில் 15 முறை உலகப் பட்டம் வென்றவர். 1954இல் ஓஹாயோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒன்றுகூடத் தவறாமல் தொடர்ச்சியாக 526 பந்துகளைப் பாக்கெட்டில் போட்டவர். 1978இல் ஏபிசி தொலைக்காட்சியில் இருவரும் நேருக்கு நேர் மோதியபோது வென்றவரும் மொஸ்கோனிதான். ஆனாலும் மக்கள் நினைவில் தங்கியவர், தோற்றுக்கொண்டிருந்தபோதும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஃபேட்ஸ்தான். மொஸ்கோனிக்கு அவரைக் கண்டாலே ஆகாது என்பதில் வியப்பென்ன?

ஸ்டீவ் மிஸராக்கின் கதையும் ஏறக்குறைய இதே வகை. பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே 1970 முதல் 1973 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஸ்ட்ரெயிட் பூல் என்ற பூல் வகையில் அமெரிக்க ஓபன் பட்டத்தை வென்றவர் அவர். அந்த நான்கு பட்டங்களும் தராத அறிமுகத்தை, 1978இல் ஒரு பியர் விளம்பரத்தில் அவர் பேசியபடியே ஆடிக்காட்டிய ட்ரிக் ஷாட், அதாவது வித்தை காட்டும் அடி, தந்தது. பெண்களில் ஜெனெட் லீயைப் பாருங்கள். தலை முதல் கால் வரை கறுப்பு உடை, ‘பிளாக் விடோ’ என்ற நச்சுச் சிலந்தியின் பெயர், 1990களில் பெண்கள் ஆட்டத்தைத் தொடர்ந்து ஒளிபரப்பிய தொலைக்காட்சி ஆகிய மூன்றும் கூடி, ஆட்டமே தெரியாத வீடுகளுக்கும் அவரைக் கொண்டு சேர்த்தன. அவர் திறமையில் குறைந்தவரல்லர். உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர், 2001இல் அகிதாவில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றவர். ஆயினும் பட்டங்களை எண்ணினால் அவர் காலத்து அலிசன் ஃபிஷர் வெகுதூரம் முன்னால் நிற்கிறார். பொதுமக்களிடம் பெயரை எண்ணினால் நிலைமை தலைகீழ். வாய்ச்சாலகம், விளம்பரம், உடை என்று ஆட்டம் தெரியாதவர் கண்ணுக்கும் பிடிபடும் ஏதோ ஒன்று வாய்த்தவர்களுக்குத்தான் வெளியே பெயர் கிடைத்திருக்கிறது.

இதற்கு அடிப்படைக் காரணம், இந்த ஆட்டத்தின் திறமை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே என்று நான் கருதுகிறேன். நைன் பால் ஆட்டத்தில் மேசையில் இருக்கும் பந்துகளில் மிகக் குறைந்த எண் கொண்டதை, கியூவால் அடிக்கப்படும் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை முறைப்படி பாக்கெட்டில் போடுபவர் வெல்வார். மூன்றாம் எண் பந்து நடுப் பாக்கெட்டின் வாயருகே இருக்கிறது, நான்காம் எண் மேசையின் மறுகோடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஆட்டக்காரர் மூன்றைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. அதைப் போட்ட பிறகு வெள்ளைப் பந்து மேசை விளிம்பின் எந்தக் குஷனில் எந்தக் கோணத்தில் பட்டு, நான்கின் எந்தப் பக்கத்தில் போய் நின்றால் அங்கிருந்து ஐந்துக்கு வழி பிறக்கும் என்பதைத்தான் கணக்கிடுகிறார். வெள்ளைப் பந்தின் மையத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு விரல் அளவு பக்கவாட்டில் கியூவின் முனை படுகிறது; பந்து இரண்டு குஷன்களைத் தொட்டு மேசையைக் கடந்து, நான்காம் பந்துக்கு ஒரு சாண் தள்ளி ஓய்கிறது. பார்வையாளரோ, “இவ்வளவு பக்கத்தில் இருந்தால் நானும் போட்டுவிடுவேனே” என்று நினைத்துக்கொள்கிறார். ஆட்டக்காரர் எவ்வளவு உயர்ந்தவரோ அவ்வளவுக்கு ஆட்டம் சுலபமானதாகவும் சப்பென்றும் தெரியும். மொஸ்கோனியின் ஆட்டத்தில் கடினமான அடிகளே குறைவு. அந்த நிலை வரவிடாமல் ஆடியதுதான் அவருடைய மேதைமை.

இன்னொரு காரணமும் உண்டு. நெடுங்காலம் இந்தத் தொழிலில் பிழைப்பு நடந்தது போட்டிப் பரிசுகளைவிடப் பந்தயப் பணத்தில்தான். பந்தயத்தில் ஆடுபவருக்குப் புகழ் ஒரு சுமை. முகம் தெரிந்துவிட்டால் எதிரில் ஆட ஆள் கிடைக்காது. பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயஸ் 1985இல் அமெரிக்கா வந்தபோது, அவர் பெயர் அங்கே அதற்குள் கசிந்திருந்ததால், சீஸர் மொராலெஸ் என்ற மாற்றுப் பெயரில்தான் ஆடினார். வேறு எந்த விளையாட்டில் ஒருவர் தம் பெயரை மறைத்துக்கொண்டு பிழைக்க வேண்டியிருந்தது, சொல்லுங்கள்!

தொலைக்காட்சியும் பூலுக்குச் சாதகமாக அமையவில்லை. பிரிட்டனில் வண்ணத் தொலைக்காட்சி வந்த புதிதில், 1969இல், பிபிசி ஸ்னூக்கருக்கென்றே ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1977 முதல் உலகப் போட்டி ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் ஆண்டுதோறும் நடந்து வருகிறது. 1985இல் டெனிஸ் டெய்லரும் ஸ்டீவ் டேவிஸும் மோதிய இறுதியாட்டத்தை நள்ளிரவு தாண்டியும் 1.85 கோடிப் பேர் பார்த்தார்கள். ஒரே போட்டி, ஒரே அரங்கம், ஒரே முகங்கள் என்றால் மக்கள் மனத்தில் பதியத்தான் செய்யும். பூலிலோ எயிட் பால், நைன் பால், டென் பால், ஸ்ட்ரெயிட் பூல் என்று ஆட்டங்களே பல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உலகப் பட்டம். அவற்றுள் முதன்மையான நைன் பாலை மட்டும் எடுத்துக்கொண்டாலும், 2010 முதல் 2019 வரையிலான பத்து ஆண்டுகளில் எட்டு நாடுகளைச் சேர்ந்த பத்துப் பேர், ஆளுக்கொரு முறையாகப் பட்டம் வென்றார்கள். ஒரு பெயரை மனத்தில் ஏற்றிக்கொள்வதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். 2024இல் ஜெட்டாவில் ஃபெடோர் கோர்ஸ்ட் வென்ற பரிசு 2,50,000 டாலர். அது ஆட்ட வட்டாரத்தில் பெரிய செய்தி, அதற்கு வெளியே ஒரு செய்தியே அன்று.

விதிவிலக்கு உண்டு. பிலிப்பைன்ஸில் ரெயஸை அறியாதவர் இல்லை எனலாம். 1999இல் கார்டிஃபில் நைன் பால் உலகப் பட்டத்தையும் 2004இல் எயிட் பால் உலகப் பட்டத்தையும் வென்றவர் என்பதோடு, பாமரரும் வாய்பிளக்கும் அடிகளை ஆடியவர் என்பதும் அதற்குக் காரணம். 1995இல் ரெனோவில் ஏர்ல் ஸ்டிரிக்லண்டுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், தொட வேண்டிய பந்து முழுவதும் மறைந்திருக்க, வெள்ளைப் பந்தை இரு பக்கக் குஷன்களிலும் மோதவிட்டுக் குறுக்கும் மறுக்குமாக ஓட்டி, மறைந்திருந்த பந்தைப் பாக்கெட்டில் போட்டார். அந்த ஓர் அடியை இன்றும் மக்கள் மறுபடி மறுபடி பார்க்கிறார்கள். தைவானில் 2005ஆம் ஆண்டு, 16 வயதில், நைன் பால், எயிட் பால் இரண்டிலும் உலகப் பட்டம் வென்ற வூ ஜியா-சிங்குக்கும் இத்தகைய வரவேற்பு கிடைத்தது. நீங்கள் அழைத்திருப்பவர் தம் சொந்த நாட்டில் இப்படிக் கொண்டாடப்படுபவராக இருந்தாலும், அந்தப் புகழ் எல்லை தாண்டி உங்கள் நுழைவாயில் வரை வந்து சேரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஆகவே பெயருக்காக வருபவர்கள் யார் என்பதைத் தனியே எண்ணுங்கள். சுற்றுவட்டாரத்தில் ஆடும் மன்றங்களின் உறுப்பினர்களுக்குச் சுவரொட்டியே தேவையில்லை; நாளையும் பெயரையும் சொன்னால் போதும், முன்வரிசை அவர்களால் நிறைந்துவிடும். அந்த எண்ணிக்கையைக் கொண்டு செலவு தாங்குமா என்று பொருளாளர் பார்க்கட்டும். மீதி விற்பனையை உபரியாகக் கருதுங்கள். மற்றவர்களுக்கான விளம்பரத்தில் ‘உலக சாம்பியன்’ என்ற சொல்லை முதல் வரியில் போடாதீர்கள். எல்லா விளையாட்டிலும் யாரோ ஒரு சாம்பியன் இருக்கத்தான் செய்கிறார், அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. அவர் அன்று என்ன செய்யப்போகிறார் என்பதை எழுதுங்கள். முடிந்தால் அவரிடம் ஒரு ட்ரிக் ஷாட்டை, முகமும் பந்தும் சேர்ந்து தெரியும்படி, கைப்பேசியில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘வெனம்’ என்று அழைக்கப்படும் ஃப்ளோரியன் கோலர் அத்தகைய காணொளிகளால்தான், பட்டம் வென்ற பலரைவிடவும் அதிகமாக அறியப்பட்டிருக்கிறார். மூத்த ஆட்டக்காரர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம்; எனக்கும் சிறிது வருத்தம்தான், ஆனால் நுழைவுச்சீட்டு விற்க வேண்டியவர் நீங்கள்.

நிகழ்ச்சியில் நீண்ட போட்டி ஆட்டம் வேண்டாம். முதலில் பார்வையாளர் ஒருவரை ஓர் அடியை முயலச் சொல்லுங்கள். அவர் தவறவிட்ட அதே அடியை ஆட்டக்காரர் ஆடட்டும். உங்கள் பொருளாளர் இசைந்தால் அவரையே முதலில் அழைக்கலாம். அடுத்ததாக, மேசை விரிப்பின் மீது ஒரு வெள்ளைத் தாளை வைத்து, “இந்தப் பந்தைப் போட்டபின் வெள்ளைப் பந்து இந்தத் தாளின் மேல் வந்து நிற்கும்” என்று ஆட்டக்காரரை ஒலிவாங்கியில் முன்கூட்டியே சொல்லவைத்து, பிறகு அடிக்கச் சொல்லுங்கள். தாளை ஒவ்வொரு முறையும் பாதியாக மடித்துச் சிறிதாக்கிக்கொண்டே போகலாம். மேலே நான் சொன்ன, கண்ணுக்குத் தெரியாத திறமை அப்போதுதான் அரங்கத்துக்குத் தெரியும். இந்த ஒன்றுக்கு எழும் கைதட்டல், பத்து ஆட்டங்களை வென்றாலும் எழுந்து நான் கண்டதில்லை.

இருக்கைகளைப் பற்றியும் யோசியுங்கள். ஒன்பதடி மேசையின் ஆடுபரப்பு 100 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் கொண்டது. அது படுக்கைவசத்தில் இருப்பதால், சமதளத்தில் போட்ட நாற்காலிகளில் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் இருப்பவர்கள் ஆட்டக்காரரின் முதுகைத்தான் பார்ப்பார்கள். படிவரிசை இருக்கைகள் இல்லையென்றால், மேசைக்கு நேர் மேலே ஒரு கேமராவைப் பொருத்திப் பெரிய திரையில் காட்டுங்கள். நிழல் விழாத விளக்கும் அவசியம்.

மேசையைப் பற்றி ஆட்டக்காரரிடம் இப்போதே பேசிவிடுங்கள். புதிய விரிப்பில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். பழையதில் சுழற்சி சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ட்ரிக் ஷாட்டுகள் பலவும் இந்த வேறுபாட்டில்தான் தவறிப்போகின்றன. விரிப்பு எப்போது மாற்றப்பட்டது, மேசை மட்டம் பார்க்கப்பட்டதா, நிகழ்ச்சிக்கு முன் தனியாக ஆடிப் பழக அவருக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். காணொளியை எந்தத் தேதிக்குள் அனுப்புவார் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். அது கைக்கு வந்த பிறகு சுவரொட்டியை அச்சுக்குக் கொடுக்கலாம்.