உணவு இறையாண்மை என்றால் துறைமுகத்தை மூடுவதா?

"உலகத்தில் எல்லோருக்கும் போதுமான உணவு விளைகிறது என்கிறார்களே, அப்படியானால் இத்தனை பேர் ஏன் பட்டினி கிடக்கிறார்கள்? உணவுப் பாதுகாப்பும் உணவு இறையாண்மையும் ஒன்றா? இறக்குமதியை நிறுத்திவிட்டால் ஒரு நாடு உணவில் இறையாண்மை பெற்றுவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பெறாது. இலங்கையின் வடக்கே கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்தின் கீழ் நான்கு ஏக்கர் வயல் செய்கிற கமக்காரர் ஒருவரின் மகன் நான். இறக்குமதியை நிறுத்திய ஓர் ஆண்டு எப்படியிருக்கும் என்பதை எங்கள் வயல் வரம்பில் நின்றே பார்த்திருக்கிறேன்.

முதற் கேள்விக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பும் வேறு சில ஐ.நா. நிறுவனங்களும் 2025இல் வெளியிட்ட கணிப்பின்படி, 2024ஆம் ஆண்டில் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள். ஆரோக்கியமான உணவை வாங்க வசதியற்றவர்கள் ஏறத்தாழ 260 கோடிப் பேர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், களஞ்சியத்தில் இருக்கிறதா என்பதைவிடக் கையில் வாங்கக் காசு இருக்கிறதா என்பதே பசியைத் தீர்மானிக்கிறது என்பது விளங்கும். இதில் வேதனை என்னவென்றால், அந்தப் பசித்தவர்களுள் பெரும் பகுதியினர் கிராமங்களில் இருப்பவர்கள். பலர் தாங்களே ஏதோ ஒன்றை விளைவிப்பவர்கள்.

இனி அந்த இரண்டு சொற்கள். 1996இல் ரோமில் கூடிய உலக உணவு உச்சி மாநாடு, எல்லா மக்களுக்கும் எல்லாக் காலத்திலும் போதிய, பாதுகாப்பான, சத்துள்ள உணவு எட்டவேண்டும் என்று உணவுப் பாதுகாப்பை வரையறுத்தது. அந்த உணவை யார் விளைவித்தார், எந்த நாட்டிலிருந்து வந்தது, விலையை யார் வைத்தார் என்று அந்த வரையறை கேட்கவில்லை. அதே மாநாட்டின் வேளையில்தான் 'லா வியா காம்பெசினா' என்ற உலகக் கமக்காரர் இயக்கம் 'உணவு இறையாண்மை' என்ற சொல்லை முன்வைத்தது. 2007இல் மாலி நாட்டின் நியேலெனியில் கூடிய பேரவை, தங்கள் உணவு முறையையும் விவசாய முறையையும் தாங்களே வகுத்துக்கொள்ளும் மக்களின் உரிமை என்று அதை விரித்துச் சொன்னது. 'மக்களின்' என்பது இங்கே முக்கியமான சொல். அந்த இடத்தில் 'அரசின்' என்று மாற்றி வாசித்துவிடுவதால்தான் குழப்பம் வருகிறது என்பது என் எண்ணம்.

துறைமுகத்தைத் திறந்துவிட்டுக் கெட்ட நாட்டுக்கு ஹைட்டியைச் சொல்லலாம். 1980களின் முற்பகுதி வரை தன் மக்களுக்கு வேண்டிய அரிசியில் மிகப் பெரும் பகுதியை அந்த நாடு ஆர்ட்டிபொனிற் பள்ளத்தாக்கில் தானே விளைவித்தது. கடன் தந்தவர்களின் நெருக்குதலால் 1995இல் அரிசி இறக்குமதித் தீர்வை 3 சதவீதத்துக்கு இறக்கப்பட்டது. அரச மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. உள்ளூர்க் கமக்காரர் வயலை விட்டு நகரச் சேரிகளுக்குப் போனார்கள். 2008இல் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியபோது அங்கே கலவரம் வெடித்து, பிரதமர் பதவி இழந்தார். அந்தக் கொள்கையை முன்னின்று தள்ளியவர்களுள் ஒருவரான பில் கிளின்டன் 2010இல் அமெரிக்க மேலவைக் குழு ஒன்றின் முன், அது தன் மாநிலத்து விவசாயிகளில் சிலருக்கு நன்மையாக இருந்திருக்கலாம், ஆனால் தவறு என்று ஒப்புக்கொண்டார். பொதுவாக இந்தக் கதையைச் சொன்னவுடன், "ஆகவே இறக்குமதியைத் தடுக்கவேண்டும்" என்று முடித்துவிடுவார்கள். எங்கள் நாடு அதற்கு நேரெதிர்த் திசையில் போய் அதே இடத்தில் விழுந்ததனால், என்னால் அப்படி முடிக்க இயலவில்லை.

2021ஆம் ஆண்டு மே 6ஆந் திகதி வெளியான வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் மூலம், இரசாயனப் பசளையையும் கிருமிநாசினிகளையும் இலங்கைக்குள் இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டது. அப்போதைய சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச தம் தேர்தல் அறிக்கையில் பத்து ஆண்டுகளில் படிப்படியாகச் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, மாறுவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பத்து ஆண்டுகள் ஒரே இரவில் முடிந்தன. நஞ்சற்ற உணவு, மண்ணின் நலம், தன்னிறைவு என்று அழகான காரணங்கள் கூறப்பட்டன. வடமத்திய மாகாணத்துக் கமக்காரரிடையே பரவியுள்ள சிறுநீரக நோயும் சுட்டிக்காட்டப்பட்டது. அதன் காரணம் இன்றுவரை முடிவாக நிறுவப்படவில்லை என்றாலும், அந்தக் கவலையைப் பொய் என்று நான் தள்ளமாட்டேன். ஆனால் நாட்டின் டொலர் கையிருப்பு வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது என்பதும், 2020இல் பசளை இறக்குமதிக்குச் சுமார் 26 கோடி டொலர் போயிருந்தது என்பதும் எல்லோரும் அறிந்தவை.

எங்கள் வயலில் அந்த ஆண்டின் காலபோகத்துக்கு, அதாவது மாரி மழையோடு தொடங்கும் பெரும்போகத்துக்கு, விதைத்தது ஏ.டி. 362 என்ற சிவப்பு நெல். இந்தப் பெயரை வைத்தே ஒரு வரலாறு சொல்லலாம். 'ஏ.டி.' என்றால் அம்பலாந்தோட்டை, 'பி.ஜி.' என்றால் பத்தலகொடை. நெல்லினங்களை உருவாக்கிய அரச ஆராய்ச்சி நிலையங்களின் ஊர்ப்பெயர்கள் அவை. உயரம் குறைந்த, சாயாத, தழைச்சத்தைக் கொடுத்தால் அள்ளித் தருகிற இனங்களை அந்த நிலையங்கள் பல பத்தாண்டுகளாக உருவாக்கிக் கொடுத்தன. 2005க்குப் பிறகு 50 கிலோ பசளை மூட்டையை 350 ரூபாவுக்குத் தந்து, அதைத் தேவைக்கு மேல் இறைக்கவும் எங்களைப் பழக்கியது இதே அரசுதான். அப்பா அன்று சொன்னது எனக்கு மறக்கவில்லை: "பசளையை நிப்பாட்டினது இருக்கட்டும் தம்பி, விதையை மாத்தித் தந்திட்டு நிப்பாட்டியிருக்கலாமே."

அவருக்கு யூரியா இல்லாத வயல் புதிதன்று. போர் நடந்த தொண்ணூறுகளில், எங்கள் ஊர் அடங்கிய வன்னிப் பகுதிக்குள் வரத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் யூரியாவும் இருந்தது; வெடிபொருளுக்கு உதவும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த ஆண்டுகளில் மாட்டெரு போட்டு, குழை தாழ்த்து, ஏக்கருக்குப் பத்து மூட்டை என்று எடுத்திருக்கிறார். அப்போது வீடு நிறைய மாடு நின்றது, குழை வெட்டக் காடு பக்கத்தில் இருந்தது, கூலிக்கு ஆளும் கிடைத்தது. 2021இல் பட்டியில் நின்றவை இரண்டு பசுக்கள். நான்கு ஏக்கருக்கு வேண்டிய எருவை எங்கிருந்து கொண்டுவருவது என்ற கணக்கை, வர்த்தமானியை எழுதியவர்கள் எந்தக் கமக்காரரோடும் உட்கார்ந்து போட்டுப்பார்த்ததாகத் தெரியவில்லை.

சேதனப் பசளை என்று எங்களுக்கு வந்த மூட்டைகளில் ஒன்றை நானே அவிழ்த்துக் கொட்டினேன். பாதி உக்கிய குப்பை, மணல், பொலித்தீன் துண்டுகள், முளைக்கத் தயாராகக் கிடந்த களை விதைகள். கார்த்திகையில் பயிர் மஞ்சளடித்தது. தண்ணீர் குறையவில்லை, நோயும் இல்லை. இலை நுனியிலிருந்து வெளிறி, மட்டம் வெடிக்காமல் (பக்கக் கிளை விடாமல்), ஒற்றை ஒற்றையாக நின்றது. சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையோடு வந்த கப்பல் ஒன்று, மாதிரியில் தீங்கான பற்றீரியா இருப்பதாகச் சொல்லித் திருப்பப்பட்டதையும், விற்ற நிறுவனம் அதை மறுத்ததையும், இறக்காத அந்தச் சரக்குக்காக அடுத்த தை மாதம் 60 இலட்சம் டொலருக்கு மேல் கொடுக்கப்பட்டதையும் செய்தியில் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவப் பசளை விமானத்தில் வந்தது. நவம்பர் இறுதியில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் பசளை போடவேண்டிய நாள்கள் கழிந்துவிட்டன. நீக்கிய பிறகும் சந்தையில் பசளை இல்லை, இருந்த இடத்தில் 50 கிலோ யூரியா பின்னர் 40,000 ரூபா வரை விற்றது.

மாசியில் வெட்டு மெசின் இறங்கியது. வழக்கமாக ஏக்கருக்கு 25 மூட்டை குறையாத வயலில் 11 மூட்டை கட்டினோம், அதிலும் சப்பி (பதர்) அதிகம். அப்பா ஒரு கதிரை உள்ளங்கையில் உருவி ஊதிக் காட்டினார். மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போயிற்று. நாடு முழுவதும் கணக்கு இதே போக்கில்தான் இருந்தது: 2021இல் 51 இலட்சம் தொன்னாக இருந்த நெல் உற்பத்தி 2022இல் 34 இலட்சம் தொன்னாக விழுந்தது. இறக்குமதியைக் குறைக்கவென்று தொடங்கிய காரியம், அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவோடு இருந்த நாட்டை அந்த ஒரே ஆண்டில் 7 இலட்சம் தொன்னுக்கு மேல் அரிசி இறக்குமதி செய்யவைத்தது. கடன் தவணை கட்ட இயலாது என்று அரசு ஏப்ரலில் அறிவித்துவிட்டிருந்த வேளை அது. டொலர் இல்லாமை, எரிபொருள் வரிசை, ரூபாவின் சரிவு எல்லாம் சேர்ந்துகொண்டதால், எல்லாப் பழியையும் பசளைத் தடையின் தலையில் மட்டும் போடுவது நியாயமாகாது. ஆனாலும் செப்ரெம்பரில் கொழும்பு உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டதும், 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாக உலக உணவுத் திட்டமும் உணவு, விவசாய அமைப்பும் மதிப்பிட்டதும் அந்த விளைச்சல் வீழ்ச்சியோடு தொடர்பற்றவை அல்ல.

அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு 40,000 தொன் அரிசியும் பால்மாவும் மருந்துகளும் அனுப்பியது. கிராம அலுவலரிடம் பெயர் பதிந்து அப்பா ஒரு பொதியைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்தார். "நெல்லு விதைக்கிறவன் வரிசையிலை நிண்டு அரிசி வாங்கிறன்" என்று சிரித்தபடிதான் சொன்னார். அம்மா அன்றைக்கு அந்த வெள்ளை அரிசியில் சோறு ஆக்கினார், நன்றாகவே இருந்தது. அனுப்பியவர்களுக்கு நன்றியுடையவனாகவே இருக்கிறேன்.

இந்த இடத்தில், எழுபதுகளைப் பற்றி எங்கள் பக்கத்தில் சொல்லப்படும் பெருமைக் கதையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைத் தடுத்தபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நிமிர்ந்தார்கள். கல்வீடு கட்டினார்கள், உழவு இயந்திரம் வாங்கினார்கள். 1977க்குப் பின் சந்தை திறக்கப்பட்டதும் அந்தக் காலம் முடிந்தது என்று பெரியவர்கள் இன்றும் ஏங்குவார்கள். அதே ஆண்டுகளில், அதே அரசின் கீழ், 1973–74இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். பங்கீட்டு உணவு வெட்டப்பட்டது, அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்வதற்குக் கட்டுப்பாடு இருந்தது, தோட்டங்களில் வேலைநாள்களும் குறைந்தன. மரவள்ளி நடுவதற்குக்கூட லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) மக்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடையாது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோருக்கு வாக்குரிமையும் இல்லாததால், அந்தக் கொள்கையை வகுத்த எவருக்கும் அவர்களிடம் பதில் சொல்லவேண்டிய தேவை எழவில்லை. வெங்காயத் தோட்டத்துக்கு வரமாக வந்த தடை, தேயிலைத் தோட்டத்துக்குச் சாவாக வந்தது. எங்கள் ஆட்கள் முதற்பாதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஆகவே ஒரு நாட்டின் கொள்கை உணவு இறையாண்மைக்கு உகந்ததா என்று பார்க்க, துறைமுகம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. முடிவெடுத்த மேசையில் விதைப்பவரும் வாங்கி உண்பவரும் இருந்தார்களா என்று பார்க்கிறேன். ஹைட்டியிலும் இருக்கவில்லை, கொழும்பிலும் இருக்கவில்லை.

அப்படி ஒரு மேசை சாத்தியமா என்று கேட்பீர்கள். குறைபாடுகளோடு ஒன்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் மாவட்டச் செயலாளர் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று சொல்வார். கமக்காரர் அமைப்புகளின் ஆட்கள் எழும்பிப் பேசுவார்கள். எந்தத் திகதியில் துருசு (மதகு) திறப்பது, கடைசி விதைப்பு எப்போது, கோடையில் செய்யும் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். தண்ணீர் குறைந்த ஆண்டில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பதில் கூச்சலும் வசையும் எழாமல் இருந்ததில்லை. வாய்க்காலின் தலைப்பில் காணி உள்ளவர் குரலே ஓங்கும், வாய்க்காலின் கடைசியில் காணி உள்ள கடைமடைக்காரர் முறைப்பாடு ஒவ்வொரு ஆண்டும் எழுதப்பட்டு ஒவ்வொரு ஆண்டும் மறக்கப்படும், பெண்கள் பேசுவது அரிது, குத்தகைக்குச் செய்பவருக்கு இடமே இல்லை. இத்தனை கோளாறுகளோடும், ஒரு வாய்க்காலில் தண்ணீர் விடும் திகதியைக்கூடக் கமக்காரரைக் கூட்டி வைத்துப் பேசாமல் முடிவுசெய்ய முடியாது என்ற வழக்கம் அங்கே நிலைத்திருக்கிறது. நாட்டின் அத்தனை வயலுக்குமான பசளையை நிறுத்த அப்படி ஒரு கூட்டமும் கூடவில்லை.

அப்பா கடைமடைக்காரர்களில் ஒருவர். கடந்த சிறுபோகக் கூட்டத்துக்கும் போனார். அவருக்கு ஒன்றேகால் ஏக்கருக்குத்தான் பங்கு கிடைத்தது. திட்டிக்கொண்டே வந்தார். அடுத்த கூட்டத்துக்குத் திகதி குறித்துவிட்டார்களா என்று கமக்காரர் அமைப்புச் செயலாளரிடம் நேற்றும் விசாரித்தார்.