இரண்டடிப் பவளத் தொட்டிக்கு எத்தனை வாட் எல்இடி விளக்கு வேண்டும்?

வாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். விளக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்துதான் அதற்குச் சோறு போடுகின்றன. அந்தப் பாசிகளுக்குப் பயன்படும் ஒளியை அளப்பது 'பார்' (PAR) மதிப்பு. பார்க்க வேண்டியது அதைத்தான்.

காளான் பவளம் போன்ற மென்பவளங்களுக்கு 50 முதல் 150 பார் தாராளம். டார்ச், ஹாமர் எனப்படும் பவள வகைகளுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. அக்ரோபோரா என்னும் கல்பவளத்துக்கு 200 முதல் 350 வரை வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் அதன் பக்கம் இப்போதைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

ஒரே விளக்கின் கீழும் பாறை உச்சியில் கிடைக்கும் ஒளி அடிமணலில் கிடைக்காது. மூலைகளில் இன்னும் குறையும். கண்ணை நம்ப முடியாது. பார் மீட்டரை யாரிடமாவது இரவல் வாங்கி, பவளம் வைக்கப்போகும் இடத்திலேயே அளந்து பாருங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, 400 முதல் 480 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீல ஒளி வலுவாக இருக்கட்டும். வெள்ளை பெரும்பாலும் நம் கண்ணுக்காகத்தான்.

புது விளக்கை முதல் நாளே முழு வேகத்தில் எரிய விடாதீர்கள். பாதியில் தொடங்கிச் சில வாரங்களில் மெல்ல ஏற்றுங்கள். நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் சரியாக இருக்கும். பவளம் வெளிறினால் ஒளி அதிகமாகியிருக்கலாம். பழுப்பேறி, விளக்கை நோக்கி நீண்டால் போதவில்லை. ஆனால் நீரின் வெப்பமும் உப்பளவும் தடுமாறினாலும் வெளிறும், அதனால் விளக்கில் கை வைக்குமுன் அவற்றையும் சோதித்துவிடுங்கள்.