169.65 மெகாஹெர்ட்ஸ்ல வர்ற கர்ர்ர் சத்தம் ஆம்புலன்ஸ், ஃபயர் சர்வீஸ் பேஜர்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? கேக்கறது தப்பா?

169.65னு சரியா எழுதியிருக்கீங்க, அப்போ நீங்க நெதர்லாந்துலதான் இருக்கணும், அதுவும் இப்பதான் ஒரு ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டர்ல சொருகி ரேடியோ அலையை வாங்குற குட்டி ரிசீவர்) வாங்கியிருப்பீங்க. அப்படி வெச்சிக்கிட்டே சொல்றேன். சென்னையில உக்காந்துக்கிட்டு இதே அலைவரிசைல தேடுறவங்களுக்கு இந்தச் சத்தம் மாட்டாது, அவங்க மன்னிக்கணும்.

ஆமா, பேஜர்தான். பேரு பி2000. இங்க போலீஸ், ஃபயர், ஆம்புலன்ஸ் எல்லாம் பேசிக்கிற வயர்லெஸ் சி2000, அது என்க்ரிப்ட் ஆனது, நம்ம டாங்கிள்ல ஒரு மண்ணும் கேக்காது. ஆனா ஆளைக் கிளப்பி விடுற பேஜர் மெசேஜ் மட்டும் பூட்டே இல்லாம வெறும் எழுத்தா போய்க்கிட்டிருக்கு.

எனக்கு இந்தக் கேள்வியைப் பாத்ததும் சுர்ருன்னு ஆனதுக்குக் காரணம் இருக்கு. ஆபீஸ்ல ஒரு நண்பர், ரேடியோ அலை விஷயத்துல நெஜமாவே பெரிய கை, இந்தச் சத்தத்தை ஃபோன்ல போட்டுக் காட்டினதும் ரெண்டு செகண்டு கூட கேக்காம "அது ஸ்மார்ட் மீட்டர்டா, வேற வேலை இல்லையா உனக்கு"ன்னுட்டார். அவர் சொன்னதுலயும் நியாயம் இல்லாம இல்ல, அந்த 169 பேண்ட் ஒரு காலத்துல ஐரோப்பா முழுக்க பேஜருக்குன்னு ஒதுக்கினது, அப்புறம் அது ஓடலன்னு மீட்டர் ரீடிங்குக்கும் காது கேக்கற மெஷினுக்கும் கொஞ்சம் பிரிச்சிக் குடுத்தாங்க. ஆனா மீட்டர்னா பக்கத்து சந்துல வேற மாதிரி, ஸ்டேஷன்கிட்ட வேற மாதிரி கேக்கணும். இது ஊருக்குள்ள எங்க போனாலும் கணீர்னு வருது, ஏன்னா ஏகப்பட்ட டவர்ல ஒரே மெசேஜை ஒரே நேரத்துல விடுறாங்க.

அதைச் சொன்னா ஒத்துக்கிறாரா? இல்ல. சரின்னு ஆடியோவை ரெக்கார்ட் பண்ணி ஆடாசிட்டிங்கற ஆடியோ எடிட்டர்ல விரிச்சிப் போட்டேன். ஒவ்வொரு கர்ர்ரும் எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போட்டுப் பாத்தா, நடுவுல இருக்கிற இடைவெளி எல்லாமே 1.875 செகண்டோட மடங்கு! நினைச்ச நேரத்துல எதுவும் கிளம்பல. இதுதான் ஃப்ளெக்ஸ். மோட்டோரோலா பண்ணின முறை, 4 நிமிஷத்தை 128 ஃப்ரேமா வெட்டி வெச்சிருப்பாங்க, ஒரு ஃப்ரேம் 1.875 செகண்ட், மெசேஜ் தன்னோட ஃப்ரேம் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கணும், டோக்கன் வாங்கிட்டு பேங்க்ல உக்காந்திருக்கிற மாதிரி. இன்னொரு பேஜர் முறை போக்சாக், அதுக்கு இந்தக் கட்டுப்பாடு கெடையாது, எப்ப வேணா கிளம்பும், ஆனா முதல்ல 1, 0, 1, 0ன்னு மாறி மாறி 576 பிட் அனுப்பிட்டுத்தான் விஷயத்துக்கு வரும். செகண்டுக்கு 1200 பிட் வேகத்துல அது கிட்டத்தட்ட அரை செகண்டு ஒரே சீரான 'பீ'ன்னு கேக்கும், அப்புறம் கரகரப்பு. ஒரு வாரம் கேட்டுப் பழகினீங்கன்னா சாஃப்ட்வேரே வேணாம், காதே சொல்லிடும்.

கடைசி ஆதாரம் தானா வந்து சேந்துச்சு. எங்க கீழ் வீட்டுக்காரர் வாலண்டியர் ஃபயர்மேன் (இங்க பெரும்பாலான ஃபயர்மேனுங்க அப்படித்தான், வேற வேலை பாத்துக்கிட்டே இதையும் பாக்கறவங்க). அவர் பொண்ணு பொறந்தநாளுக்குக் கூப்பிட்டிருந்தார், வட்டமா நாற்காலி போட்டு ஆளுக்கு ஒரு துண்டு கேக், ஒரு காபி, அந்த டச்சு பொறந்தநாள்தான். நடுவுல அவர் இடுப்புல பேஜர் கத்துச்சு. ஃபோர்க்கை கேக்குலயே குத்தி வெச்சிட்டு, ஷூ லேஸ் கூட கட்டாம, யார்கிட்டயும் சொல்லாம சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பறந்துட்டார். மேல வந்து, மெசேஜை எழுத்தா மாத்துற சாஃப்ட்வேர் எழுதி வெச்ச லாக்கைப் பாத்தா அதே நிமிஷத்துல 'பி 1'ன்னு ஆரம்பிச்ச ஒரு வரி, கூடவே கேப்கோடு (பேஜரோட அடையாள எண்) நம்பருங்க வரிசையா. ஆர்வலர்கள் திரட்டி வெச்சிருக்கிற கேப்கோடு பட்டியல்ல தேடினா எங்க ஏரியா ஸ்டேஷன். நண்பருக்கு அனுப்பினேன். "ம், இருக்கலாம்"னு ஒரு பதில். அவ்ளோதான்!

இப்ப "அடுத்தவன் அவசரத்தை ஒட்டுக் கேக்கறியே"ன்னு ஒருத்தர் வருவார், எப்பவும் வர்றார். ஐயா, நான் எதையும் உடைக்கல. இங்க திறந்த அலையை வாங்கறது குத்தமில்ல, கெடச்சதை ஊருக்குப் பரப்புறதுலதான் வில்லங்கம். லண்டன்ல இருக்கிறவங்க இதைச் செய்யாதீங்க, அங்க 2006 வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டப்படி உங்களுக்கு வராத மெசேஜைக் கேக்கறதே குத்தம். ஆம்புலன்ஸ் வரிகளை (ஏ1, ஏ2ன்னு ஆரம்பிக்கும்) நான் ஃபில்டர் போட்டு மறைச்சே வெச்சிருக்கேன், தெருப்பேரு வந்துடுது, எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு முடியலன்னா அவர் புள்ளைக்கு முன்னாடி எனக்குத் தெரியறது எனக்கே பிடிக்கல. கேக்கணும்னா இதை இப்படித் திறந்து விட்டவங்களைக் கேளுங்க.

ஆன்டெனா 44 சென்டிமீட்டர் கம்பி போதும், நிமித்தி நிறுத்துங்க. சொல்லும்போதே வயிறு எரியுது. பால்கனில நான் வெச்ச அந்தக் கம்பிக்கு எங்க குடியிருப்போர் சங்கத்துலேருந்து கட்டடத்தோட முகப்பு அழகு கெடுதுன்னு லெட்டர். ரெண்டாவது மாடில கிறிஸ்மஸ் மரம் மார்ச் வரைக்கும் காஞ்சி தொங்குது, அது அழகாம். மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்டறேன், லிஃப்ட்டு பாதி நாள் ஓடாது, அதுக்கு லெட்டர் போட ஆள் இல்ல.

சரி விடுங்க. ரிசீவர் சாஃப்ட்வேர்ல மோடு என்எஃப்எம் (குறுகலான எஃப்எம்), அகலம் 12.5 கிலோஹெர்ட்ஸ், ஸ்குவெல்ச்சும் (சிக்னல் இல்லாதப்போ சத்தத்தை அடக்கற வசதி) ஆடியோ ஃபில்டரும் ஆஃப், அப்புறம் மெசேஜை எழுத்தாக்கற மல்ட்டிமான் என்ஜில ஃப்ளெக்ஸ். வரலன்னா வாட்டர்ஃபால் (சிக்னல் கலரா ஓடற படம்) ஸ்க்ரீன்ஷாட்டைப் போடுங்க பாக்கறேன், அட்ரஸ் ஏதாவது தெரிஞ்சா மறைச்சிட்டுப் போடுங்க.